தற்காலிகம் என்று எழுதிய வரி

கேதீஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய் மூடிவிடும். விரல்கள் பேசத் தொடங்கிவிடும். மட்டக்களப்புக் கிளை அலுவலகத்தில் அவளுடைய கீபோர்ட்டின் என்டர் விசை இரண்டு தரம் கழன்று விழுந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மூன்றாம் தரமும் விழுந்தது. பக்கத்து மேசையில் தரவு பதிகிற காத்தான்குடி றபீக்கா பசை தடவி அதை ஒட்டிக் கொடுத்துவிட்டு, "இது ஆர்ர தலை கா?" என்று கேட்டாள். றபீக்கா கேட்பாளே தவிரப் பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். காத்திருந்தால் கேதீஸ்வரி உண்மையைச் சொல்லியிருப்பாள். அன்று அவள் அடித்துக்கொண்டிருந்தது தன்னுடைய தலையைத்தான்.

அவள் வேலை செய்தது பெரியதொரு ஆய்வு நிறுவனத்தில். கொழும்பில் ஆறு மாடி. நெல்லுக்கு வருகிற நோயிலிருந்து மனிதர் ஊர் பெயர்வது வரை ஆராய்கிற கலாநிதிகள் மட்டும் நூறு பேருக்கு மேல். சுனாமி வந்து ஒரு மாதத்தில் கல்லடியில் கிளை திறந்தார்கள். நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்த கேதீஸ்வரியைத் தரவு பதிகிறவளாக எடுத்தார்கள். படித்தவள் என்பதால் மட்டும் எடுக்கவில்லை. நேர்முகத்தில் யாரை இழந்தீர்கள் என்று கேட்டபோது, "அம்மாவ" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாளாம். இப்படிப்பட்டவள் படிவங்களைப் பார்த்து அழுதுகொண்டிருக்கமாட்டாள் என்று நினைத்தார்களாம். கிளைப் பொறுப்பாளர் சுபாகரன் பிற்பாடு ஒரு விருந்தில் இதைப் பெருமையாகச் சொன்னார்.

அவள் பிறந்தது வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அந்த ஊர்களில் வீடு என்பது பெண்பிள்ளையோடு கூடப் பிறப்பது. ஆண்பிள்ளை கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு இன்னொரு வளவுக்குப் போகிறவன். மூத்தவள் தெய்வமணிக்குக் கலியாணம் முடிந்த கிழமையே அம்மா சீதேவிப்பிள்ளை தான் பிறந்த வீட்டை மகளுக்கு விட்டுக்கொடுத்தாள். வளவு மூலையில் ஒரு கிடுகுக் குசினி போட்டுக்கொண்டு, அடுப்பும் பாயுமாக அதற்குள் ஒதுங்கினாள். அவளுடைய தாயும் அப்படித்தான் ஒதுங்கியவள். சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை. கேதீஸ்வரி நகரத்தில் வகுப்பில் இருந்தாள். கடல் குசினியை அம்மாவோடு கொண்டுபோயிற்று. வீட்டுக்குக் கூரை போனது, சுவர் நின்றது. தெய்வமணியும் அவள் புருசன் கனகசூரியமும் முதல்நாளே வாழைச்சேனைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள்.

அலுவலகத்தில் சேர்ந்த இரண்டாவது மாதம் கேதீஸ்வரி தன் முதல் பக்கத்தைச் செய்தாள். வெளியே போக வான் ஒன்று கேட்பதற்கு மூன்று தாளில் எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. கையெழுத்துக்கு அலைந்து களைத்து ஒரு வெள்ளிக்கிழமை கணினி முன் உட்கார்ந்தவள், திங்களன்று அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கிற வலைப்பக்கம் ஒன்றைக் காட்டினாள். எங்கே போகவேண்டும், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று அடித்துவிட்டால் போதும். பொறுப்பாளர் தன் கதிரையில் இருந்தபடி ஒரு சொடுக்கில் அனுமதித்துவிடலாம். சுபாகரன் அன்று முழுவதும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைச் சொடுக்கிக் காட்டினார்.

அன்றோடு பிடித்தது. லீவுக்கு ஒரு பக்கம், சோதனைச் சாவடிப் பாஸ் எடுக்கவேண்டியவர்களின் விபரத்துக்கு ஒரு பக்கம், ஜெனரேட்டர் டீசலுக்கு ஒரு பக்கம். கேதீஸ்வரியிடம் கொடுங்கள், இரண்டு நாளில் வந்துவிடும் என்பது கொழும்பு வரை எட்டியது. ஆறு மாடியில் இருந்தவர்களுக்கு அந்த வேகம் பிடித்துப்போயிற்று. முதலில் செய், பிறகு திருத்து என்று அதற்கொரு கொள்கையே எழுதினார்கள். நான்கு வருடத்தில் முப்பத்தொரு பக்கங்கள் செய்தாள். திருத்துகிற அந்தப் பிறகுதான் வரவில்லை. அதற்கு முன் அடுத்த பக்கம் வந்து நின்றது. ஏதாவது சரியில்லை என்று அவள் சொல்லப்போனால், வெளியாருக்கில்லையே, நமக்குள்ளேதானே என்று முடித்துவிடுவார்கள். உள்ளக உபயோகம் என்ற அந்த இரண்டு சொல் ஆறு மாடிக்கும் குடைபிடித்தது.

குடும்பக் கணக்கெடுப்புக்கான பக்கமும் அப்படி இரண்டு நாளில் பிறந்ததுதான். 2005 சித்திரையில் கரையோரமெங்கும் வீடு வீடாகப் போய் நிரப்பிய படிவங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பதினேழாவது கேள்வி: வீட்டின் உரிமையாளர் யார்? அதற்கு நேரே அநேகமாக எல்லாப் படிவத்திலும் வெறுமை. நிரப்பாத இடம் திரையில் சிவப்பாகத் தெரியும்படி கேதீஸ்வரி செய்திருந்தாள். முதல் ஆயிரம் வீட்டைப் பதிந்து முடித்தபோது திரை அம்மை போட்டதுபோல இருந்தது.

படிவம் நிரப்பிய இளைஞர்களுக்கு நிலோஜன் என்பவன்தான் தலைவன். மெல்லிய ஆள், சைக்கிளில் போகாத ஒழுங்கை கிடையாது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"என்னண்டு அக்கா கேக்கிற?" என்றான் அவன். "வீடு ஆர்ரயெண்டு நான் கேட்டா, இந்தப் பொடியன் எந்த ஊரானெண்டு என்னைத் திருப்பிக் கேப்பாங்க. நம்மட பகுதியில வீடு ஆர்ர?"

கேதீஸ்வரி சிரித்துவிட்டாள். சோறு எதனால் ஆக்கினதென்று கேட்பதுபோல அது ஒரு கேள்வி. கேட்காததுதான் மரியாதை என்று அவளுக்கும் பட்டது. அந்தச் சிரிப்பைப் பிறகு எத்தனையோ தரம் நினைத்து அவள் பல்லைக் கடித்திருக்கிறாள்.

அடுத்தநாள் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வரவிருந்தார்கள். இந்தச் சிவப்பைக் காட்டமுடியாது என்றார் சுபாகரன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் எல்லாப் படிவத்திலும் பெயர் இருக்கிறதே; உரிமையாளர் வெறுமையாக இருந்தால் அந்தப் பெயரையே எடுத்துப் போடும்படி பக்கத்துக்குச் சொல்லிவிடுங்கள், நமக்குள்ளேதானே என்றார். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் எந்தப் பெண்ணும் புருசன் பெயரைத்தான் சொல்லுவாள். அது மரியாதை, அதற்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. கேதீஸ்வரிக்கு இது தெரியும். சுபாகரனுக்கும் தெரியும். சோற்றுப் பொதியை அவிழ்க்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரே ஒரு வரி அடித்தாள். அதன் அருகில், பக்கம் ஓடும்போது யார் கண்ணிலும் படாத இடத்தில், தனக்கென்று ஒரு குறிப்பும் எழுதினாள்: தற்காலிகம். பிறகு கேட்கவேண்டும்.

என்டரைத் தட்டினாள். சிவப்பு மறைந்தது. மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பெண்களின் வீடு, பதியப் பதிய, அவர்கள் புருசன்மாரின் வீடாயிற்று. சோறு ஆறவுமில்லை.

பிறகு யுத்தம் திரும்பி வந்தது. 2006இலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனம் காட்டு வழியாகவும் வாவி வழியாகவும் ஷெல்லுக்குள்ளால் நடந்து வந்து முகாம்களில் விழுந்தது. தெய்வமணியும் வந்தாள். கனகசூரியம் பாதி வழியில், கட்டி வைத்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. மீளக் குடியேறலாம் என்றபோது தெய்வமணி பனிச்சங்கேணிக்குத் திரும்பினாள். சுவரும் விழுந்திருந்தது. அம்மாவின் குசினி இருந்த மூலையில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தாள். கணக்கெடுப்பு வவுணதீவு, கரடியனாறு என்று வாவிக்கு அப்பாலும் நீண்டது. அதே பக்கம்தான், அதே வரிதான். அடுத்த வருடம் பழைய வீடுகளுக்கும் திரும்பப் போய், குடும்பத் தலைவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக் குறித்தார்கள். படிவத்தில் மூன்று தெரிவுகள்: வீட்டில் உள்ளார், வீட்டில் இல்லை, இறந்துவிட்டார். கனகசூரியம் வீட்டில் இல்லை.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டதென்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். கேதீஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு லீவுப் பக்கத்தில் ஒரு சில்லறைப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தெய்வமணி முதல் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஒருநாளும் அங்கே வந்ததில்லை. செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், கதிரை இருந்தும் அதில் இருக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த தாளை அவிழ்த்து நீட்டினாள். புதிய வீட்டுத் திட்டத்தின் பட்டியலில் ஒரு பக்கம். யாரிடமோ கெஞ்சிப் பிரதி எடுத்திருக்கிறாள். பனிச்சங்கேணி. உரிமையாளர்: கனகசூரியம். நிலை: வீட்டில் இல்லை. முடிவு: பிற்போடப்பட்டது.

வீட்டுத் திட்டக் கந்தோரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள் கேதீஸ்வரி. உரிமையாளரைக் கூட்டிவா, இல்லையென்றால் மரண அத்தாட்சி கொண்டுவா என்றார்களாம். அடுத்த வெள்ளிக்குள் கொண்டுவராவிட்டால் பட்டியல் மூடிவிடுமாம். அத்தாட்சி எடுப்பதற்கான போமையும் அவர்களே நிரப்பிக் கொடுத்தார்களாம், கையெழுத்துத்தான் பாக்கியாம்.

"என்ட அம்மா எனக்குத் தந்த வீட்டுக்கு," என்றாள் தெய்வமணி, "என்ட புருசன் செத்துப்போனாரெண்டு நான் கையெழுத்து வைக்கோணுமாம் தங்கச்சி. ஆர் கா இதை எழுதினது? அந்தக் கைய நான் ஒருக்கா பாக்கோணும்."

கேதீஸ்வரி தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிரல்களின் ஒழுங்கு பழகியதாக இருந்தது. எழுத்தும் பழகியது. தாளின் அடிமூலையில் எறும்பு போல ஓர் இலக்கம். அச்சடிக்கிற ஒவ்வொரு தாளிலும் அது வரவேண்டுமென்று ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

அக்காவிடம் அவள் மறைக்கவில்லை. தன் வலக்கையை மேசைமேல் விரித்து வைத்தாள். "இதுதான் அக்கா," என்றாள்.

தெய்வமணி அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இரிக்கு," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தேத்தண்ணி குடிக்கச் சொல்லிக் கூப்பிட்ட றபீக்காவை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அன்றுதான் என்டர் விசை மூன்றாம் தரம் விழுந்தது.

மத்தியானத்துக்குள் முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டாள். உரிமையாளரும் குடும்பத் தலைவரும் ஒரே ஆளாக இருக்கிற வீடுகள் மூவாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. அவற்றில் தலைவர் வீட்டில் இல்லை என்பதற்காகப் பிற்போடப்பட்டவை அறுநூற்றுப் பதினான்கு. அறுநூற்றுப் பதினான்கு பெண்களிடம் அறுநூற்றுப் பதினான்கு போம்கள் நிரப்பி நீட்டப்பட்டிருக்கும். படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: இந்த வீட்டுக்கு எப்படி வந்தீர்கள்? அதற்கு மட்டும் எல்லாரும் விடை சொல்லியிருந்தார்கள். பெண்களுக்கு நேரே பிறந்து வளர்ந்தவர். ஆண்களுக்கு நேரே கலியாணத்தால் வந்தவர். விடை நான்கு வருடமாக அவள் கைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. வெளியே கொடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

சுபாகரனிடம் போனாள். ஐம்பதை நெருங்கிய மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா. வீட்டுத் திட்டக்காரர்கள் கேட்டார்கள், ஒரு உதவிக்காகக் கொடுத்தோம், அதை அத்தாட்சியாக எடுத்தது அவர்கள் பிழை என்றார். நம்முடையது உள்ளக உபயோகத்துக்கான பக்கம் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்றார். பட்டியலை நிறுத்தச் சொல்லுங்கள், இரண்டு வானும் நிலோஜனின் ஆட்களும் ஒரு கிழமைக்குத் தாருங்கள், அறுநூற்றுப் பதினான்கு வீட்டிலும் நேரே கேட்டு வருகிறோம் என்றாள் கேதீஸ்வரி. கொழும்பு அனுமதி இல்லாமல் ஒன்றும் தொடமுடியாது என்றார் அவர். உங்களுடைய அக்காவின் வீடும் இதில் இருக்கிறதென்று கேள்விப்பட்டேன், பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள் என்றும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

"மாற்றக் கோரும் பக்கம் ஒண்டு இரிக்குத்தானே," என்றார் கடைசியாக. "அதில போடுங்க. முறையா வரட்டும்."

அந்தப் பக்கத்தையும் அவள்தான் செய்தாள், ஒன்றரை நாளில். முறையாகப் போட்டாள். உங்கள் கோரிக்கை இலக்கம் 47, விரைவில் தொடர்புகொள்வோம் என்று பக்கம் அவளுக்கே பதில் சொன்னது. அந்த வசனமும் அவள் எழுதியதுதான். முன்னால் இருக்கிற நாற்பத்தாறையும் யார் பார்த்தார்கள் என்று பின்பக்கமாகப் போய்ப் பார்த்தாள். பார்க்கவேண்டிய அதிகாரி போன வருடம் கனடா போயிருந்தார். பதினொரு மாதமாக அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. நாற்பத்தாறு கோரிக்கைகள், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றன.

"எங்கட பகுதியிலயும் வீடு பொம்புளப் புள்ளக்குத்தான்," என்றாள் றபீக்கா, பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு. "உம்மா எனக்கு எழுதினதும் இதுக்குள்ள என்ட மாப்புள்ளட பேரில கிடக்கும் போல." பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள்: "சேர்ர ஊட்டயும் ஒருக்காத் தேடிப்பாரு கா."

கேதீஸ்வரிக்கு அது தோன்றவேயில்லை. சுபாகரன் இருப்பது கல்லடியில், கடலுக்கு ஐந்நூறு மீற்றர் தூரத்தில். அந்தத் தெருவும் சுனாமியில் போனதுதான். அங்கேயும் படிவம் நிரப்பினார்கள். தேடினாள். ஒரு நொடி. குடும்பத் தலைவர்: சுபாகரன். எப்படி வந்தீர்கள்: கலியாணத்தால் வந்தவர். மனைவி கலாஜினி, ஆசிரியை: பிறந்து வளர்ந்தவர். மாமனார் கனகசிங்கம், ஓய்வுபெற்ற அதிபர், அதே வளவில். உரிமையாளர்: சுபாகரன்.

கல்லடிப் பட்டியலைக் கிராம சேவகரின் பலகையில் திங்கட்கிழமை ஒட்டவிருந்தார்கள்.

அந்தத் தாளை அச்சடித்துக்கொண்டு திரும்பவும் அவர் அறைக்குப் போனாள். மேசைமேல் வைத்தாள். கோபத்தில் வாய் மூடிக்கொள்கிறவள்தான். அன்று எப்படியோ திறந்தது.

"சேர், நீங்க இருக்கிற வீடு ஆர்ர?"

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். பெண்சாதியின் வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டவன் என்ற பெயரை அந்த ஊரில் ஒருவன் எடுத்தால், பிறகு கோயில் திருவிழாவில் அவன் எந்தப் பக்கம் நிற்பான்? தாய்வழிக் குடிச் சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பான்? மாமனார் கனகசிங்கம் காலையில் நடக்கப் போகும்போது பலகை பலகையாக நின்று வாசிக்கிற பழக்கமுள்ளவர் என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும்.

சுபாகரனின் குரல் இறங்கியது. "இதை மட்டும் இப்ப மாத்திவிடுங்க. ஒரு நிமிச வேலைதானே."

கேதீஸ்வரியின் காது சூடேறியது. கொழும்பு அனுமதி எங்கே போயிற்று? முறை எங்கே போயிற்று? நாற்பத்தேழாவது இலக்கம் எங்கே நிற்கிறது? அறுநூற்றுப் பதினான்கு பெண்கள் வெயிலில் நிற்க, ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு நிமிசம்.

"ஓம், ஒரு நிமிசம்தான்," என்றாள். "செய்யத் தெரியும். செய்யமாட்டன். ஒரு வரி போட்டுக் கெடுத்தது நான். இன்னொரு வரி போட்டு மூடமாட்டன். உங்கட வீட்டுக்கும் பொடியன்மார் வருவாங்க. மிஸ்ஸிட்ட நேர கேட்டு எழுதுவாங்க. அதுக்கு வான் வேணும் சேர்."

அவர் யன்னலைப் பார்த்தார். தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்துப் பேனாக்களுக்குப் பின்னால் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தன் கொம்பியூட்டருக்குத் திரும்பி, அவள் முதன்முதலாகச் செய்த அந்தப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு வான், ஆறு பேர், ஒன்பது நாள். சொடுக்கினார். வீட்டுத் திட்டக்காரருக்கு, பட்டியலில் திருத்தமுண்டு, பத்து நாள் பொறுக்கவும் என்று ஒரு கடிதமும் தட்டச்சிட்டு அனுப்பினார். மன்னிப்பு மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மேசைக்குத் திரும்பி அந்தப் பழைய வரியைத் திறந்தாள். தற்காலிகம். பிறகு கேட்கவேண்டும். வரியை அழித்தாள். அது நிரப்பிய மூவாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு பெயர்களையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அழித்தாள். திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. றபீக்கா எட்டிப் பார்த்து, இதை அப்படியே கொழும்புக்கு அனுப்பு என்றாள்.

ஒன்பது நாளும் நிலோஜனின் ஆட்கள் அறுநூற்றுப் பதினான்கு வாசலில் நின்றார்கள். பின்னேரம் வந்து கொட்டுகிற கதைகளில் பாதி, வாங்கிக் கட்டிய ஏச்சு. கரடியனாற்றில் ஒருத்தி கையில் இருந்த விளக்குமாற்றை இறக்காமலே, வீடு ஆர்ரயெண்டு கேக்கிறதுக்கா வானில டீசல் ஊத்தி வந்தயள் என்று கேட்டாளாம். வவுணதீவில் ஒருத்தி விடை சொல்லாமல் உள்ளே போய், தாயின் தாய் காலத்துக் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து நிலோஜனின் மடியில் போட்டாளாம். ஐந்நூற்று எழுபத்தெட்டுப் பேர் தங்களுடையதென்றார்கள். இருபத்தேழு பேர் இது அவர் கட்டினது, அவருடையதுதான் என்றார்கள். அதையும் அப்படியே எழுதினார்கள். ஒன்பது வளவில் ஆளே இல்லை. அந்த ஒன்பதும், இன்னும் கேட்காத மற்ற வீடுகளைப் போல, சிவப்பாகவே இருந்தன. சுபாகரனின் வீட்டுக்கு, அந்த அறுநூற்றுப் பதினான்கில் இல்லாவிட்டாலும், நிலோஜன் தானே போனான். கலாஜினி மிஸ் சிரித்துக்கொண்டே தன் பெயரைச் சொன்னாராம். சேர் குளியலறையில் இருந்தாராம்.

வீட்டுக்கு ஆளைக் கேட்டார்கள். புருசனுக்கு நிலை கேட்டபோதுதான் சிக்கிற்று. வீட்டில் இல்லை என்றும் பல பெண்கள் சொல்லமாட்டேன் என்றார்கள், இறந்துவிட்டார் என்றும் சொல்லமாட்டேன் என்றார்கள். இரண்டாம் நாள் நிலோஜன் தொலைபேசியில் கேட்டான்: "எதுக்குக் கோடு கீற அக்கா? மூண்டும் பொய்." கேதீஸ்வரி யாரிடமும் கேட்கவில்லை. மூன்று தெரிவுகளுக்குக் கீழே நாலாவதாக ஒன்றை அடித்தாள்: தேடப்படுகிறார். இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை. அவள் செய்ததிலேயே கெதியாகச் செய்த வேலை அது.

திருத்திய பட்டியல் போனது. தெய்வமணி மறுபடி வந்தபோது கதிரையில் இருந்தாள். புதிய தாளைக் கேதீஸ்வரியே அச்சடித்துக் கொடுத்தாள். உரிமையாளர்: தெய்வமணி. முடிவு: அனுமதிக்கப்பட்டது. தெய்வமணி அந்த வரியில் நிற்கவில்லை. விரலை வைத்து, கீழே கீழே இறங்கினாள்.

"அவர்ர பேர் எங்க?"

கேதீஸ்வரி காட்டினாள். கணவர்: கனகசூரியம். நிலை: தேடப்படுகிறார்.

தெய்வமணி அதில் விரலை வைத்தாள். "ஆரும் தேடுறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல அக்கா. நீதான்."

"அது சரி," என்றாள் தெய்வமணி. தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்தாள். அந்த மற்றப் போமை, கையெழுத்து மட்டும் பாக்கியாக இருந்ததை, தேத்தண்ணிக் கோப்பையின் கீழே வைத்துவிட்டுப் போனாள். அதில் வட்டமாக ஈரம் பிடித்தது.

ஆடி நடுவில் கேதீஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றித் தரவை அழித்தமை. அவள் கையொப்பமிட்டுக் கோவையில் போட்டாள். அதே கிழமை ஆறாம் மாடியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார், நல்ல தமிழில், நிதானமாக. தேடப்படுகிறார் என்று ஒரு நிலை நமது ஆய்வு முறையில் இல்லை என்றார். இருநூற்று மூன்று பேருக்கு அது பதியப்பட்டிருக்கிறது, வெளியார் கண்ணில் பட்டால் கேள்வி வரும் என்றார். மூன்றில் ஒன்றுக்குள் அவர்களைச் சேர்த்துவிட்டு நாலாவதை எடுத்துவிடவேண்டும், உங்களுக்கு இது ஒரு நிமிச வேலைதானே என்றார்.

றபீக்கா தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கேதீஸ்வரியின் வலது கை என்டர் விசையின் மேல் அசையாமல் இருந்தது.

"அதுக்கு ஒரு பக்கம் இரிக்கு சேர்," என்றாள். "மாற்றக் கோரும் பக்கம். அதில போடுங்க. முறையா வரட்டும்."

அவர் போட்டார். உங்கள் கோரிக்கை கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்வோம் என்று பக்கம் அவருக்கும் பணிவாகச் சொன்னது. இலக்கம் நாற்பத்தெட்டு. அவருக்கு முன்னால் நாற்பத்தேழு நின்றுகொண்டிருந்தது.